ஆறாவது தோல்

காஜா பெராங்கில் பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பினால், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடுகள் ஏழெட்டு நெருக்கியடித்து நிற்கும் சந்து ஒன்று இருந்தது. அதில் மூன்றாவது வீடு நஜ்முன்னிசாவுடையது. அவளைத் தேடி வருகிறவர்களுக்கு வீட்டு எண் தேவைப்படாது, மூக்கு இருந்தால் போதும். பின்பக்கம் கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவே இரண்டு சுண்ணாம்புத் தாழிகள், ஒரு மரப்பீப்பாய், தோலை விரித்துப் போட்டுச் சுரண்டுவதற்குச் சாய்த்து வைத்த ஒரு தென்னந்துண்டு. அவள் தொழிலுக்கு இவ்வளவுதான் முதல். ஆட்டுத்தோலை வீட்டிலேயே பதனிட்டு, இடுப்பு வார் தைப்பவர்களுக்கும் செருப்புத் தைப்பவர்களுக்கும் கொடுத்துவந்தாள்.

யாரும் கற்றுக்கொடுத்து வந்த தொழில் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் கடையில் செருப்பு என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. அவள் கணவர் ஷரீஃபுதீனுக்குப் பசாரில் ஆட்டிறைச்சிக் கடை. எப்போதாவது ஓர் ஆடு அறுபடும். கறி போகும், தோல் குப்பைக்குப் போகும். தோலைக் குப்பையில் போட்டுவிட்டு ஏன் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. முதல் தோலை வெயிலில் காயவைத்தாள், பலகைபோல் விறைத்தது. இரண்டாவதை நீரில் ஊறப்போட்டாள், அழுகியது. மூன்றாவதற்கு உப்பிட்டாள், மழை பிடித்துக்கொண்டதும் ஈரம் கோத்து நாறியது. விட்டுத் தொலைக்கலாம் என்று இருந்தபோதுதான் மீன் வாங்கக் கடலோரம் உஜோங் பாசிர் பக்கம் போனாள். அங்கே மீனவர்கள் பெரிய கொப்பரையில் பாக்காவ் மரப்பட்டையைக் கொதிக்கவைத்து, அந்தச் சிவந்த சாற்றில் வலைகளை முக்கிக்கொண்டிருந்தார்கள். எதற்கு இது என்று கேட்டாள். கடல் தண்ணீரில் கிடந்தாலும் நூல் அழுகாது என்றார்கள். நூலை அழுகவிடாதது தோலை மட்டும் அழுகவிடுமா? மீனை மறந்து ஒரு கூடைப் பட்டையோடு வீடு வந்து சேர்ந்தாள்.

சண்டை முடிவதற்குள் அவளுக்குக் கை பழகிவிட்டது. சிப்பிச் சுண்ணாம்பில் ஒரு வாரம் கிடந்தால் மயிர் கையோடு வந்துவிடும். அன்னாசித் தோல் புளித்த தண்ணீரில் அலசினால் சுண்ணாம்பின் காரம் இறங்கும். பட்டைச்சாற்றை முதலில் நீர்க்கக் கொடுத்து, நாளாக நாளாகக் கெட்டியாக்க வேண்டும். ஆரம்பத்திலேயே கெட்டியாகக் கொடுத்தால் மேலே வெந்து உள்ளே பச்சையாக நின்றுவிடும். கடைசியில் தேங்காயெண்ணெய் பூசி, முழங்காலில் போட்டு இழுத்து இழுத்துப் பிசைய வேண்டும். இதையெல்லாம் அவள் தோலைக் கெடுத்துக் கெடுத்தே தெரிந்துகொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே இது கிடாய், இது பெட்டை, இது குட்டி ஈன்ற ஆடு என்று சொல்லிவிடுவாள். பேச்சு குறைவு; எதற்கும் தடுமாறமாட்டாள் என்று சந்தில் பெயர். ஐம்பத்தேழாம் வருஷம் வரைக்கும் அந்தப் பெயருக்குப் பங்கம் வரவில்லை.

அந்த வருஷம் ஜூலை முதல் வாரம். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் ஒரு சாக்கு மூட்டையை வேலிக்கு மேலாக நீட்டினாள். அவளுடைய புருஷன் முனிசிபாலிட்டியில் சாலை வேலை பார்ப்பவன். தம்பி தியாகு ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்த காலம். தோட்டத்துக்குக் காவலாகத் துப்பாக்கி கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அவன்தான் மூட்டையை அக்காள் வீட்டில் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போயிருந்தான்.

“மான் தோல்க்கா. அவனோட மாமனாருக்குப் பூசையில ஒக்காரணுமாம். நீங்கதான் பாத்துக் குடுக்கணும்” என்றாள் பூங்காவனம்.

நஜ்முன்னிசா பிரித்துப் பார்த்தாள். தலை இல்லை, கால் இல்லை, வாலும் அறுபட்டிருந்தது. உப்பும் சேறும் அப்பி, இரண்டு நாள் வெயிலில் புழுங்கி, பிடித்த இடத்தில் மயிர் கொத்தாகக் கழன்று வந்தது. மயிரோடு பதனிட வழியில்லை, வழித்துத்தான் ஆகவேண்டும் என்று சொன்னாள். எப்படியோ செய்யுங்கள் என்று பூங்காவனம் சொன்னதும், அதைச் சுண்ணாம்புத் தாழியில் போட்டாள். அதே தாழியில் இரண்டு ஆட்டுத்தோல் ஏற்கெனவே கிடந்தது. பிறகு எல்லாம், மற்றத் தாழியில் கிடந்த மூன்றோடு சேர்ந்து, ஒரே பீப்பாய்க்குள் போயின. ஐந்து ஆட்டுத்தோல்கள், ஆறாவதாக இது.

ஐந்தும் ஜூலை முடிவதற்குள் தயாராகிவிட்டன. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் சின்னக் கடை வைத்திருந்த காதர் மைதீன் வந்து எடுத்துக்கொண்டு போனார். பசார் வியாபாரிகள் கைலிக்கு மேல் கட்டுவார்களே, பை வைத்த அகலமான இடுப்பு வார், அதைத் தைப்பதில் அவர் கெட்டிக்காரர். ஆறாவது தோல் தடிமனானது. அது பீப்பாயில் இன்னும் இரண்டு வாரம் ஊறியது.

ஆகஸ்டு நடுவில் ஒருநாள் காலை அதை வெளியே எடுத்து, காயவைத்து, எண்ணெய் பூசினாள். எண்ணெய் ஏற ஏறத் தோல் உயிர் வந்ததுபோல் தளர்ந்து கொடுத்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல தோல் அவள் கைக்கு வந்ததில்லை. ஆசையோடு வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அப்போதுதான் மயிர்க்கால் புள்ளிகள் கண்ணில் பட்டன. ஆட்டுத்தோலில் அவை வரிசையாக ஓடும். இதில் முதுகுப்பக்கம் ஓரிடத்தில் மூன்று மூன்றாக, அடுப்புக் கல் வைத்ததுபோல் கூடி நின்றன.

முன்னொரு தடவை ஊரில் ஒரு சீனச் செருப்புக்காரர் தன் கடையில் இருந்த தோல் ஒன்றைக் காட்டி, புள்ளி மூன்று மூன்றாக இருந்தால் அது பன்றி, உங்கள் ஆட்கள் தொடக்கூடாது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அன்றைக்கு அது அவளுக்கு வெறும் செய்தி. இன்றைக்குக் கையில் எண்ணெய் வழிய நின்றவள் தோலைத் தென்னந்துண்டின்மேல் போட்டுவிட்டுத் தள்ளி நின்றாள்.

மறுபடி பார்த்தாள். அந்த இடத்தில் மூன்று மூன்றுதான். ஒரு சாண் தள்ளிப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. புள்ளிகள் இஷ்டத்துக்குச் சிதறிக் கிடந்தன. வயிற்றுப்பக்கம் தோல் அழுகிப் புண்ணாகியிருந்ததால் எதுவுமே தெரியவில்லை. மான் தோலில் புள்ளி எப்படி இருக்கும்? அவள் அதுவரை மான் தோலை வழித்ததே இல்லை. வழித்த மயிரின் நினைவாவது துணைக்கு வருமா என்று பார்த்தாள். நினைக்க நினைக்க அந்த மயிர் ஒரு சமயம் முள்ளாக இருந்தது, ஒரு சமயம் பஞ்சாக இருந்தது.

செத்த ஆட்டின் தோல்கூடப் பதனிட்டால் சுத்தமாகிவிடும் என்ற மார்க்கச் சட்டம் அவளுக்குத் தெரியும். அவள் தொழிலே அந்தச் சட்டத்தின்மேல்தான் நின்றது. நாய்க்கும் பன்றிக்கும் மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அப்படியானால் பீப்பாய்? அதே சாற்றில் ஊறிய ஐந்து தோல்? அந்தத் தோலைப் பிசைந்த கையோடு அவள் தொழுதது, சோறு போட்டது? ஒன்றைத் தொட்டால் இன்னொன்று என்று நூல்கண்டு உருண்டுகொண்டே போயிற்று. வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டோமோ என்று கையைப் பிசைந்தாள். பிசைகிற கையில் அந்த எண்ணெயே இருந்தது. ஓடிப்போய்க் கிணற்றில் நீர் இறைத்து, மண் குழைத்து ஒரு தடவையும் வெறும் தண்ணீரில் ஆறு தடவையும் கழுவினாள். கழுவி முடித்த பிறகு, ஆறா ஐந்தா என்று சந்தேகம் வந்து மறுபடி ஆரம்பித்தாள்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த ஷரீஃபுதீனிடம் சொன்னாள். அவர் தோலைத் தொடாமல் தூரத்திலிருந்தே பார்த்தார். மான் என்று சொல்லித்தானே கொடுத்தார்கள், அப்படியானால் மான்தான், இல்லாததைக் கிளப்பாதே என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சு என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து மூன்று நாள் அவர் பகலில் வீட்டுக்கு வரவில்லை. பசாரிலேயே சாப்பிட்டதாகச் சொன்னார். கடையில் கூட்டம் அதிகமா, இல்லை இவள் கையால் சாப்பிட மனமில்லையா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

பூங்காவனத்திடம் கேட்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பதினோரு வருஷத்துப் பழக்கம். பேறுகாலத்தில் இவளுக்கு அவளும் அவளுக்கு இவளும் தண்ணீர் சுமந்தவர்கள். வேலியோரம் நின்று, தம்பி மான் என்றுதானே சொன்னான் என்று கேட்டாள். ஆமாம் என்றாள் பூங்காவனம். சிறிது நேரம் கழித்து, மானை அவனே சுட்டானா என்றாள். அதற்கும் ஆமாம். மூன்றாவது தடவை, மான்தானே என்று ஆரம்பித்ததும் பூங்காவனம் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

“பன்னின்னு நெனைக்கிறீங்களா?”

நஜ்முன்னிசா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“என் தம்பி உங்க வீட்டுக்குப் பன்னித் தோலைக் குடுத்து விடுவானா? நாங்க அப்படிப்பட்டவங்களா அக்கா? மான்தான்.”

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம் வழக்கமாக வேலியைத் தாண்டி வரும் கிண்ணம் வரவில்லை. நான் அப்படிச் சொல்லவில்லையே என்று நஜ்முன்னிசா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படித்தான் சொன்னோமோ என்றும் பட்டது.

சந்துமுனையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் லெபை ஒருவர் இருந்தார். நிதானமான மனிதர். நஜ்முன்னிசா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அவரிடம் போய், சாக்கு மூட்டையிலிருந்து புள்ளி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, கொடுத்தவர்கள் மான் என்று சொன்னார்கள், நீங்களும் மான் என்று வாங்கினீர்கள், சந்தேகம் வந்துவிட்டதாலேயே அது பன்றி ஆகிவிடாது என்றார். உறுதியாக இருந்ததைச் சந்தேகம் அழிக்காது. துருவித் துருவித் தேட வேண்டும் என்ற கடமையும் இல்லை. மனசு கேட்காவிட்டால் பேணுதலுக்காக மண்ணோடு ஏழு தடவை கழுவிக்கொள்ளலாம்.

“தேடிப் பார்த்தா, லெபை?”

“தேடித் தெரிஞ்சுட்டா, அப்புறம் சட்டம் வேற.”

அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். “இப்ப எனக்குத் தெரியுமா தெரியாதா?”

லெபை தாடியைத் தடவினார். “அதை நான் எப்படிப் புள்ளை சொல்றது?” என்றார்.

அவர் சொன்னதில் குறை ஒன்றும் இல்லை. கேட்கும்போது கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. வீட்டுக்கு நடந்து வருவதற்குள் அந்தத் தெளிவு எங்கே சிந்தியதோ தெரியவில்லை. தேட வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அவளுக்குத் தேடாமல் இருக்க முடியவில்லை. துக்காங் எமாஸ் தெருப் பக்கம் பெரியவர் ஒருவர் மான் தோலில் உட்கார்ந்து ஜெபம் செய்வதாகக் கேள்விப்பட்டு, அவர் வீட்டு அம்மாளிடம் பேச்சுக் கொடுத்துத் தோலைப் பார்த்தும் வந்தாள். அது மயிரோடு இருந்தது. மயிருக்கடியில் புள்ளி எப்படித் தெரியும்? கையால் தடவிப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். மெய்யாகவே அழகாகத்தான் இருந்தது.

நாலைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் பூங்காவனம் தானாகவே வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்காமல், சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அக்கா, அன்னிக்கு மான்தான்னு சொன்னேன். அப்புறம் நெனைச்சுப் பாத்தேன். அந்த மூட்டையோட தம்பி கறியும் கொண்டாந்திருந்தான். பன்னிக்கறி. அன்னிக்கு அதைத்தான் ஆக்குனேன். மான் கறி கொண்டு வரல.” முந்தானையை விரலில் சுற்றினாள். “மான் தோல் இருந்தா மான் கறி எங்கே போச்சு? எனக்குத் தெரியலக்கா. சொல்லாம இருக்கவும் முடியல.”

சொல்லாமலே இருந்திருக்கலாம் அவள். யாரும் கேட்கவில்லை, கேட்டபோதும் பதில் சொல்லி முடித்தாகிவிட்டது. அந்த நேர்மைக்குக் கும்பிடுவதா, அது வந்து இன்னும் இறுக்கிய முடிச்சைப் பார்த்து அழுவதா என்று தெரியாமல் நஜ்முன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகு, சுத்தமில்லாத கையோடு பிடித்துவிட்டோமோ என்று திடுக்கிட்டுக் கையை விட்டாள். விட்டது பூங்காவனத்துக்கு எப்படிப் பட்டிருக்கும் என்ற கவலை அதன் பின்னாலேயே வந்தது.

மறுநாள் காதர் மைதீன் கடைக்குப் போனாள். சொல்லாவிட்டால் பாவம், சொன்னால் அவர் பிழைப்பில் மண். தெருவில் ஒருமுறை கடையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அவர் ஒரு தோலை வெட்டி மூன்று வார் தைத்திருந்தார். இரண்டு கடையில் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவதை வாங்கிய வியாபாரி அதைக் கட்டிக்கொண்டே நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிவிட்டார். நஜ்முன்னிசா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். லெபை சொன்னதையும் விடாமல் சொன்னாள். காதர் மைதீன் ஊசியைத் தலைகீழாகக் குத்தி வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

“இதை ஏன் தங்கச்சி எங்கிட்ட சொன்னே?” என்றார்.

“சொல்லாம எப்படி காக்கா இருக்கிறது?”

“நேத்து வரைக்கும் எனக்கு அது ஆட்டுத்தோலு. இப்ப உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கப்பல்ல போனவருக்கு யார் சொல்றது, என்னன்னு சொல்றது?”

அவர் கோபமாக இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. மீந்த நாலு தோலையும் இரண்டு வாரையும் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் மண் குழைத்து ஏழு தடவை கழுவினாள். நன்றாகப் பதம் வந்த தோல் ஏழு கழுவலைத் தாங்காது. காய்ந்ததும் தோல்கள் திட்டுத் திட்டாக வெளுத்தன. வார்கள் பாளை மட்டைபோல் விறைத்தன. பீப்பாயிலிருந்த சாற்றைக் குழி வெட்டிக் கொட்டினாள். பீப்பாயையும் கழுவினாள். அதன் மரத்துக்குள் எவ்வளவு ஊறியிருக்கும் என்று யோசித்து, கடைசியில் அதையும் கவிழ்த்துப் போட்டுவிட்டாள்.

தொழுததைத் திரும்பத் தொழுதுவிடலாம் என்று முடிவு செய்தாள். எந்த நாளிலிருந்து? மூட்டை வந்தது செவ்வாயா புதனா, சுண்ணாம்பில் போட்டது அன்றைக்கா மறுநாளா, எதுவும் நினைவில் நிற்கவில்லை. குறைந்துவிடக் கூடாதே என்று இரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேளைத் தொழுகையோடும் ஒரு பழைய வேளையைச் சேர்த்துத் தொழ ஆரம்பித்தாள். நடுவில் எத்தனையாவது நாள் என்பது தப்பிப்போய், பத்து நாள் கூடுதலாகவே தொழுதாள்.

ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி காலையில் சந்தே காலியாகிவிட்டது. எல்லாரும் பாடாங்கு மைதானத்துக்கு, சுதந்திரக் கொடி ஏறுவதைப் பார்க்கப் போய்விட்டார்கள். பூங்காவனத்தின் புருஷன் மூன்று நாளாகச் சாலையெல்லாம் தோரணம் கட்டிக் களைத்திருந்தும் முதல் ஆளாகக் கிளம்பினான். நஜ்முன்னிசா போகவில்லை, கைலியில் சுண்ணாம்புக் கறையோடு தாழிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் மேளச் சத்தமும் கைதட்டலும் கேட்டன. வேலிக்கு அந்தப் பக்கம் அம்மியில் அரைக்கிற சத்தம் வந்தது. பூங்காவனமும் போகவில்லை என்று தெரிந்தது. தன்மேல் உள்ள மனத்தாங்கலால்தான் அவள் போகவில்லையோ என்று நினைத்தாள். கூப்பிட்டுக் கேட்கலாமா என்று எழுந்தாள். என்னவென்று கேட்பது? உட்கார்ந்து மறுபடி தேய்த்தாள்.

மூன்றாம் நாள் தியாகு லீவில் வந்தான். அக்காள் வீட்டில் பையை வைத்த கையோடு அவனை இழுத்துக்கொண்டு பூங்காவனம் வந்துவிட்டாள். தோல் அவன் முன்னால் விரிக்கப்பட்டது. இருபத்தைந்து வயது ஆள், துப்பாக்கி பிடிக்கிறவன், இரண்டு பெண்களுக்கு நடுவில் பரீட்சைக்கு நிற்கிறவன்போல் நின்றான். குனிந்து பார்த்தான். முகர்ந்து பார்த்தான். பட்டைச்சாறு ஏறிய பிறகு எல்லாத் தோலும் ஒரே செம்மண் நிறம்தான், பட்டை வாசனைதான்.

“மான்தான்க்கா. மான்தான்னு நெனைக்கிறேன்” என்றான்.

“நீதானே உரிச்சே?” என்று கேட்டாள் பூங்காவனம்.

“நான் சுட்டேன். உரிச்சது என்கூடக் காவல் நிக்கிற நல்லையா. அந்த வாரம் ஒரு மானும் விழுந்துச்சு, ஒரு பன்னியும் விழுந்துச்சு. மான் கறியைத் தோட்டத்துல எல்லாரும் பங்கு போட்டுட்டாங்க. மான் தோலைக் கட்டிக் குடுன்னு நல்லையாகிட்ட சொன்னேன். அவன் கட்டிக் குடுத்தான். நான் பிரிச்சுப் பாக்கல.”

தியாகு சட்டென்று நிமிர்ந்தான். அவன் முகம் தெளிந்திருந்தது.

“பன்னியை யாருக்கா தோல் உரிப்பா? மயிரைத் தீயில பொசுக்கிட்டு, தோலோடதானே வெட்டுவோம்? தோலே இருக்காதே.”

அந்த ஒரு கணம் நஜ்முன்னிசாவின் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை? சிரிப்புக்கூட வந்தது. பூங்காவனம் மட்டும் சிரிக்கவில்லை.

“போன தீவாளிக்கு நீ கொண்டாந்த கறியில தோல் இல்லையே தம்பி.”

“அது கிழட்டுப் பன்னி. பொசுக்குனாலும் வேகாதுன்னு உரிச்சுட்டோம்.”

“இந்தப் பன்னி?”

“இதுவும் பெருசுதான்” என்றான். “கறியில தோல் இருந்துச்சா இல்லையா, நீதானே ஆக்குனே?”

பூங்காவனம் யோசித்தாள். இரண்டு மாதத்துக்கு முன் ஆக்கிய குழம்பு. இருந்ததுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது என்றாள்.

நல்லையாவையே கேட்டுவிடலாம் என்றால், அவனை அதற்குள் பகாங்குக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். தியாகு அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினான். பதில் அக்டோபரில் வந்தது. பதிலை வாசித்துக் காட்டுவதற்காகவே அவன் பஸ் ஏறி வந்தான். இரண்டு தோலும் வேலியில் தொங்கின, வலப்பக்கம் பன்றி, இடப்பக்கம் மான், நான் இடப்பக்கத்தை எடுத்துத்தான் கட்டினேன், எனக்கு நல்ல ஞாபகம் என்று நல்லையா எழுதியிருந்தான். பூங்காவனம் அப்பாடா என்று மூச்சு விட்டாள். தியாகு மட்டும் கடிதத்தை மடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். தோலை வேலிக்கு உள்பக்கமாக நின்று தொங்கவிட்டார்கள். காலையில் காவலுக்கு வெளியே போனவர்கள் திரும்பி வந்து வெளிப்பக்கம் நின்று எடுத்தார்கள். உள்ளே நின்றால் இடப்பக்கம், வெளியே நின்றால் அதுவே வலப்பக்கம். நல்லையா எந்தப் பக்கம் நின்று பார்த்ததைச் சொல்கிறான்? மறுபடி எழுதிக் கேட்கட்டுமா என்றான். வேண்டாம் தம்பி என்றாள் நஜ்முன்னிசா. அவள் களைத்துவிட்டாள்.

தோலைக் கேட்பாரே இல்லாமல் போயிற்று. சேதி காதில் விழுந்ததும் தியாகுவின் மாமனார் பூசைக்கு ஒரு பலகை வாங்கிப் போட்டுக்கொண்டார். தியாகு அதை எடுத்துப்போய்த் துப்பாக்கி வாரும் கத்தி உறையும் தைத்துக்கொண்டான். மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் அது விறைக்கவில்லை, வெடிக்கவில்லை, வருஷக்கணக்கில் அப்படியே இருந்தது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். அவள் பதனிட்டதிலேயே அதுதான் நல்ல பதம். அதை நினைத்துப் பெருமைப்படுவதா அருவருப்பதா என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

கழுவி விறைத்த இரண்டு வாரும் பின்கட்டில் ஆணியில் தொங்கின. ஒரு வெள்ளிக்கிழமை ஷரீஃபுதீன் குளித்துவிட்டு வந்து, அதில் ஒன்றை எடுத்துத் தேங்காயெண்ணெய் போட்டுக் கொஞ்ச நேரம் பிசைந்தார். பிறகு அதைக் கைலிக்கு மேல் கட்டிக்கொண்டு ஜும்ஆவுக்குக் கிளம்பிப் போனார். மூன்று நாள் வீட்டுச் சாப்பாட்டை ஒதுக்கிய அதே மனிதர். அது ஆட்டுத்தோல்தான், சுத்தம்தான் என்று அவர் மனசுக்குப் பட்டுவிட்டதா, அல்லது இவளுக்காகவா என்று அவள் வாசலில் நின்று யோசித்தாள். அவர் திரும்பி வந்ததும் சோறு போட்டாள். சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் புதுப் பீப்பாய் வந்துவிட்டது. காதர் மைதீனும் சத்தமில்லாமல் மறுபடி வந்து தோல் எடுத்துப் போனார். பழைய கதையை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தலையும் குளம்பும் இல்லாத தோலை நஜ்முன்னிசா யாரிடமிருந்தும் வாங்கவில்லை. தெரிந்தவர் கொண்டுவந்தாலும் சரி, கணவரே கொண்டுவந்தாலும் சரி. அவர் உரிக்கும்போதே குளம்பைத் தோலோடு விட்டு உரிக்கப் பழகிக்கொண்டார்.

பூங்காவனத்தோடு கிண்ணங்கள் மறுபடி வேலி தாண்டின. அவளும் தன் பங்குக்கு ஒன்றைக் கடைப்பிடித்தாள். தம்பி காட்டுக்கறி கொண்டுவரும் நாளில், அடுப்பு மூட்டுவதற்கு முன் வேலியோரம் வந்து, “அக்கா, இன்னிக்கு எங்க வீட்டுல அந்தக் கறி. வாடை வரும், சன்னலைச் சாத்திக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போவாள். நஜ்முன்னிசா சரி என்று தலையாட்டுவாள். சன்னலருகே போய்க் கதவில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். சாத்தினால் அவளுக்கு முகத்திலடித்ததுபோல் இருக்குமோ, சாத்தாவிட்டால் சொன்னதை மதிக்கவில்லை என்று நினைப்பாளோ? பெரும்பாலும் பாதி சாத்தி வைப்பாள்.